காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: சூடான காற்று என்ன செய்யும்?

கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தால் ஃபேன் சூடான காற்றையே திரும்ப இழுக்கும் என்பது கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். கார் இன்ஜினுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் அங்கே காற்று எரிப்பதற்குத் தேவை. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். 20 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று அதே இடத்தில் சுமார் 6 சதவீதம் எடை குறைவு. மே மாதத் திண்டுக்கல் வெயிலில் கார் சோம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். (ஏ.சி. தின்னும் பவர் தனிக்கணக்கு.)

காரின் கம்ப்யூட்டரான இசியூ, காற்று நுழையும் பாதையிலுள்ள சென்சார் மூலம் இந்த வெப்பத்தை அறிகிறது. சூடு ஏறினால் சென்சாரின் மின்தடை குறையும். அதற்கேற்ப இசியூ பெட்ரோலைக் குறைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் இந்த எண்ணை மொபைலிலேயே பார்க்கலாம். நண்பர் ஓட்ட, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறியபோது பார்த்துக்கொண்டே போனேன். வெப்பம் இறங்கியது, இழுவை கூடவில்லை! 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் திண்டுக்கல்லைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி தரும் லாபத்தை உயரம் விழுங்கிவிடுகிறது.

'பவர் கூடும்' என்று விற்கப்படும் திறந்த ஃபில்டரை வாங்குமுன் யோசியுங்கள். மறைப்பு இல்லாமல் மாட்டினால் அது பானெட்டுக்குள் இருக்கும் அனல் காற்றையே உறிஞ்சும். பெரும்பாலான கார்களில் கம்பெனி பொருத்திய குழாய் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றாதீர்கள். புழுதி ரோட்டில் அதிகம் ஓட்டுபவர்கள் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.