வீட்டு ஜெனரேட்டரும் கிரஹஸ்தர் கடமையும்

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வைகறையில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை. குடிநீர்த் தொட்டியை நிரப்பவும் ஜனங்கள் வாடகை ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். அதைக் கண்டபின், இயன்றவர் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்க எண்ணுவது நியாயமே. ஆனால் வாங்குகிறவர் ஒரு சிறு மின்நிலையத்துக்கே அதிபதியாகிறார். அதற்குரிய பொறுப்பையும் அவர் ஏற்றாக வேண்டும்.

முதலாவது, தேர்ந்தெடுக்கும் விஷயம். கடைக்காரர் கூறும் பெரிய எண்ணில் மயங்கலாகாது. இருளில் இன்றியமையாதவை எவையென்று எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். மின்விசிறிக்குச் சுமார் 75 வாட், எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட் போதும். தண்ணீர் மோட்டாரும் குளிர்பெட்டியுமோ, கிளம்பும் கணத்தில், ஓடும்போது வேண்டியதைப் போல் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தையும் தாங்குவதே தக்க யந்திரம். மேலும், கே.வி.ஏ. வேறு, கிலோவாட் வேறு. மின்திறன் காரணி 0.8 ஆனால், 1 கே.வி.ஏ. தருவது 800 வாட்டே.

இரண்டாவது, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும் விஷவாயு அது. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மாண்டுபோவார். 2020-ல் லாரா புயல் அமெரிக்காவின் லூயிசியானாவைத் தாக்கியபோது, காற்றுக்குத் தப்பியவர்களில் பலர் ஜெனரேட்டர் புகைக்குப் பலியாயினர். மழைக்கு அஞ்சி யந்திரத்தைத் தாழ்வாரத்திலோ மாடிப்படியின் கீழோ வைப்பது யமனைத் திண்ணையில் அமர்த்துவதாகும். ஜன்னலைத் திறந்து வைப்பதால் அபாயம் நீங்காது. வீட்டுக்கு வெளியே, குறைந்தது 20 அடி தள்ளி, பக்கங்கள் திறந்த தனிக் கூரையின்கீழ், புகைக்குழாய் தம் வீட்டையும் அயல்வீட்டையும் நோக்காதபடி நிறுத்த வேண்டும். அவ்வளவு இடமில்லாதவர் பாட்டரியில் இயங்கும் இன்வெர்ட்டரோடு திருப்தியடைவதே விவேகம். பெட்ரோல் ஊற்றுமுன் யந்திரத்தை நிறுத்தி ஆறவிடுவதும் அவசியம்.

மூன்றாவதே எல்லாவற்றினும் கொடிது. சிலர் ஜெனரேட்டரின் கம்பியை நேரே சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அம்மின்சாரம் தெருக்கம்பிக்கும் பாயும். அங்கே 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர், எதிர்த்திசையில் அதே 230-ஐ ஏறக்குறைய 11,000 ஆகப் பெருக்கக் கூடும். கம்பத்தின் மேலிருக்கும் தொழிலாளி கம்பியில் மின்சாரமில்லையென்று நம்பியிருப்பார். கஜாவுக்குப்பின் கேரளத்திலிருந்துகூடத் தொழிலாளர் வந்து நமக்காகக் கம்பமேறினார்கள். அத்தகையோருக்கு நாம் அளிக்கும் சன்மானம் இதுதானா?

“மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதாதா?” என்று கேட்பாருண்டு. போதாது. இருட்டிலும் அவசரத்திலும் மறப்பது மனித இயல்பு. பிறர் உயிரை நம் ஞாபகசக்தியிடம் அடகு வைக்க நமக்கு உரிமையில்லை. வெளி மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருங்கே இணைய முடியாதபடி செய்யும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவதே வழி. அதற்குச் செலவிட மனமில்லாதவர் ஜெனரேட்டரே வாங்காதிருப்பது ஊருக்கு நல்லது.

வடகிழக்குப் பருவமழை வருஷந்தோறும் வருகிறது. புயலைத் தடுக்க நம்மால் இயலாது. புயல் விட்டுச்சென்ற உயிரை நம் வீட்டு விளக்கு பறிக்காதபடி காப்பது நம்மால் இயலும்.