குளத்தில் மீன் பெருகினால்

ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனன்று; ஆப்பிரிக்காவிற்கு உரியது. 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நமது மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது.

ஓய்வு பெற்றபின் என் தோட்டக் குளத்தில் இம்மீன் சிலவற்றை விட்டேன். மறு ஆண்டில் குளம் நிறைய மீன். ஆயினும் பெரும்பாலானவை விரல் நீளமே. காரணம் யாது? இம்மீன் இரண்டு மூன்று திங்களிலேயே பருவமடைகிறது. தாய் முட்டைகளை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சுகள் பல பிழைத்துவிடுகின்றன. இரையோ குளத்தின் அளவே; வாய்கள் மிகுந்தால் எவ்வுடலும் வளராது.

கோடையில் நீர் வற்றியதும் அனைத்தையும் பிடித்து அகற்றினேன். மழைக்குப்பின் கட்லா, ரோகுக் குஞ்சுகளை எண்ணி விட்டேன். அவை தேங்கிய குளத்து நீரில் இயல்பாக இனம் பெருக்குவதில்லை. ஆதலின் எண்ணிக்கை நம் கையில் இருக்கும்.

தோட்டக் குளத்தை வற்றவைத்துத் திருத்தலாம். கண்மாயில் பரவிய மீனை அகற்றுவது அரிது. எனவே, எந்த மீனையும் நீரில் விடுமுன் எண்ணிப் பாருங்கள்.