காதுக்குள் ஒரு மன்னார்க் கடல்

மன்னார்க் கடலின் பேர்போன செல்வங்கள் இரண்டு: முத்து, சங்கு. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், சுழியோடிகள் கல்லின் பாரத்தோடு மூச்சடக்கிக் கடலடி முத்துப் பாருக்கு இறங்கினார்கள். கடலின் அந்த இரண்டு செல்வங்களையும் படைத்தவன் முன்னமே அவர்களுடைய தலைக்குள் வைத்திருந்தான்.

உட்காதில் ஒரு சங்கு இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரைச் சுற்று, அது கேட்பதற்கு. அதை ஒட்டி மூன்று திசைக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே நீர். தலை திரும்பினால் நீர் ஒரு கணம் பிந்தும். அந்தப் பிந்தலை நுண்மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்துப் பைகளில் கண்ணுக்குத் தெரியாத கற்கள். மேல் எது, கீழ் எது என்று சொல்பவை. முத்து எதனால் ஆனதோ, அதே கல்சியம் காபனேற்றுத்தான் அவையும்.

செவிப்பறை கிழிந்த சுழியோடிக்குக் கடலடியில் உலகமே சுழலும். நம்முடைய இளஞ்சூட்டுக் கடல்கூட உடம்பைவிடக் குளிர். அந்தக் குளிர் ஒரு காதுக்குள் புகுந்தால் குழாய் நீர் அசையும். நோயாளிகளின் காதைக் கழுவும்போது இந்த மருமத்தைக் கண்டுகொண்ட வியன்னா மருத்துவர் பாரானிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

மன்னார்ப் பேசாலையில் ஒருநாள் விடியப்புறம் பாயில் புரண்ட என் மாமி, "ஐயோ, வீடு சுத்துது" என்று சுவரைப் பிடித்தார். அரை நிமிடத்தில் நின்றது. மறுபடி புரள, மறுபடி வந்தது.

"சுத்துதோ அம்மா, இல்லாட்டிக் கண் இருட்டுதோ? எவ்வளவு நேரம்? என்ன செய்யேக்க வருது?" என்று மருத்துவர் கேட்டார். எழும்பும்போது கண் இருட்டினால் இரத்த அழுத்தத்தையும் இரத்தச்சோகையையும் குடிக்கும் மருந்துகளையும் பார்ப்பார்கள். மாமிக்கோ சுற்றல்தான். அவரைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒருபக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். சில வினாடிகளில் கருவிழிகள் துள்ளின. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனை அது. உட்காதின் பையிலிருந்து கழன்ற கற்கள் குழாய்க்குள் விழுந்திருந்தன. தலையைப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, அவற்றைப் பைக்கே திருப்பி அனுப்பினார். கத்தியுமில்லை, குளிசையுமில்லை.

ஆனால் தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினால், கைகால் சோர்ந்தால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், காதுதானே என்று இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மாமி முற்றத்தில் குனிந்து கருவாடு பரப்பினார். நிமிர்ந்து கடலைப் பார்த்தார். தள்ளாட்டம் இல்லை. காதுக்குள், மணலைவிடச் சிறிய முத்துகள் தத்தம் இடத்தில் இருந்தன.