விடுமுறைக்குப் பின் ஒரு மண்டலம்

பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 17 அன்று காலை, பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் தில்லி மயூர் விகாரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். டிசம்பர் 24 முதல் எட்டுப் பேர் புழங்கிய வீடு. கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான். அதற்குள் அரைப் பாத்திரம் சர்க்கரைப் பொங்கலும், யாரும் தொடாத மோர்க்குழம்பும், பாதி கடித்த ஒரு முறுக்கும் இருந்தன.

எங்களில் ஒருவர் வங்கிப் பணியில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அதே 36 ஆண்டுகளும் அகமதாபாத், கொல்கத்தா, சண்டிகர், தில்லி என்று மாற்றல் உத்தரவு வந்த ஊர்களிலெல்லாம் அடுப்படியைப் பிரித்துக் கட்டியவர். இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆதலால் தவறு யாருடையது என்ற கேள்வி எழும் இடங்களில் வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

விடுமுறையின் கடைசி வாரத்திலேயே, அடுப்படியை ஆண்டவரின் வலது கட்டைவிரல் அடியில் வலி தொடங்கியிருந்தது. விருந்தினர் இருக்கும்போது அதைச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. அவர்கள் போன பின் மருத்துவரிடம் சென்றோம். தசைநாண் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் கட்டுப் போட வேண்டும், பிழிவது, முறுக்குவது, கனத்த பாத்திரம் தூக்குவது எதுவும் கூடாது என்றார் அவர். "இத்தனை நாள் யார் சமைத்தது?" என்று கேட்டுவிட்டு, எங்களில் மற்றவரைப் பார்த்து, "இனி நீங்கள் சமையுங்கள்" என்றும் சொல்லிவிட்டார். மருந்துச் சீட்டில் எழுதாததுதான் குறை.

முதல் ஆறு நாள் வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டோம். இருவருக்கு இரண்டு வேளை, ஆறு நாளில் 3,260 ரூபாய். பணத்தைவிட வயிறு முன்னதாகவே முறையிட்டது. ஏழாம் நாள் காலை, ஓய்வு பெற்ற அதிகாரி பெருங்காய டப்பாவைத் தேடி அடுப்படியில் இருபது நிமிடம் செலவிட்டார். அது அவர் கண்ணெதிரே இருந்தது. 36 ஆண்டுகள் ஒரே வீட்டில் சாப்பிட்ட மனிதருக்குப் பெருங்காயம் இருக்கும் இடம் தெரியாது என்பது அன்றுதான் எங்கள் இருவருக்குமே உறைத்தது. அன்று ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். மற்றவரும் பேசவில்லை.

ஓய்வுக்குப் பின் ஏதேனும் பொழுதுபோக்கு வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாக முயன்றுகொண்டுதான் இருந்தோம். பரணில் அதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மின்விசைப்பலகை 11,500 ரூபாய், உடற்பயிற்சி மிதிவண்டி 14,200, ரொட்டி சுடும் இயந்திரம் 9,800, வண்ணத் தூரிகைப் பெட்டி 3,400. ஆக மொத்தம் 38,900 ரூபாய். நான்கு ஆண்டுகளும் மாதம் 800 ரூபாய் தொடர் வைப்பில் போட்டிருந்தால் ஏறத்தாழ அதே தொகை அசலாக நின்றிருக்கும், வட்டி தனி. ஒவ்வொரு முறையும் புத்தாண்டின் உற்சாகத்தில் முதலில் பொருளை வாங்கினோம், பிறகுதான் அது நமக்கு வருமா என்று பார்த்தோம். ஆகவே இம்முறை ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், எந்தப் புதிய பழக்கத்துக்காகவும் எதையும் வாங்குவதில்லை. வீட்டில் இருப்பதைக் கொண்டு செய்வது, இல்லையேல் இரவல் பெறுவது.

சமையலைக் கற்பிப்பதற்கு வீட்டிலேயே ஆசிரியர் இருந்தார். ஆனால் பாடம் சொல்லும் மொழிதான் சிக்கலாக இருந்தது. "எவ்வளவு உப்பு?" என்றால் "கண்ணளவு" என்பார். "எவ்வளவு நேரம்?" என்றால் "வாசனை வரும்வரை" என்பார். வட்டியை இரண்டு தசமத்துக்குக் கணக்கிட்டுப் பழகிய ஒருவருக்கு இது பெரும் சோதனை. மாமியார் கைப்பட எழுதிய பழைய சமையல் நோட்டு ஒன்று இருந்தது. அதில் எல்லாம் ஆழாக்கில் இருந்தன. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர், எட்டு ஆழாக்கு ஒரு படி என்று கண்டுகொண்ட பிறகு, அந்த நோட்டு ஒரு பேரேடு போலத் தெளிவாகிவிட்டது. கண்ணளவில் போட்டதை உடனே தராசில் நிறுத்து எழுதிக்கொள்வது என்று ஒரு வழக்கம் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் யாரும் எழுதி வைக்காத ஒரு கணக்கு அது.

மிகுந்த பாடுபடுத்தியது இட்லி மாவு. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்ற அளவில் பிழை இல்லை. ஊற வைத்ததிலும் அரைத்ததிலும் பிழை இல்லை. எனினும் மறுநாள் காலை மாவு வைத்தது வைத்தபடியே இருந்தது. அதில் வார்த்த இட்லியைப் பற்றி எழுதுவதற்கில்லை. காரணம் தில்லியின் ஜனவரி இரவு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருபவை. அவை நன்றாக வேலை செய்ய 30 பாகை அளவிலான வெப்பம் தேவை. சென்னையில் அடுப்படி மேடையே அதைத் தந்துவிடும், எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். எங்கள் அடுப்படியிலோ அன்றிரவு கை விறைத்தது.

"தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் முழித்தேன், உங்களிடம் சொன்னேனே" என்றார் ஆசிரியர். சொல்லியிருப்பார். கேட்ட நினைவு இல்லை. அவர் கற்றுத்தந்த முறை இதுதான். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைக்க வேண்டும். மாவுப் பாத்திரத்தை மூடி, சூடேற்றாத அவனுக்குள் வைத்து, அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். அவன் இல்லாத வீடுகளில் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய மூடிய பாத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். அப்படியும் பதினாறு மணி நேரம் பொறுக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றலாகாது. இந்தக் கடைசி விதியை மறந்ததால், நான்காம் முறை மாவு பொங்கி அவனின் தளம் முழுவதும் வழிந்தது. துடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று என்றாலும் அந்தக் காலையில் வீட்டில் கொண்டாட்டம்தான்.

ரசம் மூன்றே நாளில் கைவந்தது. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது என்பதைத் தவிர அதில் பெரிய இரகசியம் ஏதும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில், கையைப் பற்றி விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார், "நாளை காஞ்சி கொண்டு வருகிறேன்" என்றார். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அரிசிக் கஞ்சி கொடுப்பது பஞ்சாபிலும் உண்டு போலும் என்று மகிழ்ந்து நாங்கள் ஊறுகாயோடு காத்திருந்தோம். வந்ததோ கண்ணாடிக் குவளையில் ஊதா நிறத்தில் புளித்த பானம்! வட இந்தியக் குளிர்காலத்துக் கறுப்புக் கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, இரண்டு லிட்டர் நீரில் இட்டு, பொடித்த கடுகு இரண்டு மூன்று கரண்டி, உப்பு, சிறிது மிளகாய்த்தூள் சேர்த்து, சாடியின் வாயைத் துணியால் கட்டி நான்கைந்து நாள் வெயிலில் வைத்தால் காஞ்சி தயார். தினமும் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். ஹோலிப் பண்டிகையை ஒட்டி இங்கே பல வீடுகளில் இது உண்டு. முதல் மடக்கில் மூக்கில் ஏறியது, மூன்றாம் குவளையில் பிடித்துப்போயிற்று.

அதன் பின்னர்தான், குளிர் விலகும் இந்தப் பருவம் நாடெங்கும் வெயிலை நம்பிய சமையலின் பருவம் என்பது எங்களுக்கு நினைவுக்கு வந்தது. கொல்கத்தாவில் இருந்தபோது, பருப்பை அரைத்து மொட்டை மாடியில் 'போரி' இடுவதைப் பார்த்திருக்கிறோம். மேதினிப்பூர்ப் பக்கத்தில் அதையே நகை வடிவில், கசகசா பரப்பிய தட்டில் பிழிவார்கள். நம் ஊரில் மாசி பங்குனியில் வடாம். அகமதாபாத்தில் உத்தராயணப் பட்டங்களோடு ஊந்தியு. அங்கெல்லாம் வாழ்ந்தும் எங்களில் ஒருவருக்குச் சாப்பிட்ட நினைவு மட்டுமே இருந்தது. செய்முறை மற்றவர் கையில் இருந்தது. அக்கம் பக்கத்து மாடிகளில் நின்று, மொழி பாதி புரிந்தும் புரியாமலும் அவர் கற்றவை அவை.

காஞ்சியையும் வடாமையும் பார்த்த பிள்ளைகள் தொலைபேசியில், "இதை விற்கலாமே" என்றார்கள். 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டதிலிருந்து லிஜ்ஜத் வளர்ந்த கதை நாடறிந்தது. அது பிழைப்புக்கு வழி தேடியவர்களின் கதை, அதன் பெருமையே வேறு. அப்படித் தொடங்க விரும்புவோர் தம் வங்கிக் கிளையில் முத்ரா கடனைப் பற்றிக் கேட்கலாம். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை உண்டு. எங்கள் கருத்து என்னவெனில், கைவந்த ஒவ்வொன்றையும் விற்பனைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு சம்புடம் வடாம் கொடுத்தால் போதும்.

இனி மற்றவரின் பொழுதுபோக்கு. காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவருக்கு, 36 ஆண்டுகளில் முதல் முறையாக, காலை நேரம் கையில் இருந்தது. பொங்கல் விடுமுறையில் பேத்தி, தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்லி, மாடியில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்தவற்றைக் குறித்து வைத்திருந்தாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இவர் தொடர்ந்தார். பிறகு ஓக்லா பறவைகள் சரணாலயம். யமுனைக் கரையில், தில்லியும் நொய்டாவும் சேரும் இடத்தில், 1990இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. மெட்ரோ நிலையமே அதன் பெயரில் இருக்கிறது. பல ஆண்டுகள் அந்தப் பக்கமாகப் போய்வந்தும் நாங்கள் உள்ளே நுழைந்ததில்லை.

இரவல் தொலைநோக்கியை இடக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முதலில் அடையாளம் கண்டது தட்டைவாயன் வாத்து. அடுத்த வாரம், தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட வரித்தலை வாத்து. இமயத்தைத் தாண்டி வரும் பறவை. எங்கள் சொந்த ஊருக்கு அருகே, திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் இதே இனம் வரும். சிறுமியாக இருந்தபோது அப்பாவின் சைக்கிளில் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். அவர் அப்படிப் போனதே எங்களில் மற்றவருக்கு அன்றுவரை தெரியாது. திரும்பும் வழியெல்லாம் அந்தக் குளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும், காலையிலேயே செய்து வைத்திருந்த ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிட்டோம். உப்பு சற்றுக் குறைவு. அவர் சொல்லவில்லை, மற்றவர் தாமே கண்டு நோட்டில் திருத்திக்கொண்டார்.

மார்ச் முதல் வாரத்தில் கட்டு அவிழ்ந்தது. காலைச் சமையல் இன்னும் ஓய்வு பெற்றவரிடமே இருக்கிறது. மாலை மற்றவரிடம். நோட்டில் இதுவரை 31 பதிவுகள். மண்டலம் முடிந்த மறுநாள் தொலைநோக்கி வாங்கக் கடைக்குப் போனோம். நல்லதாக ஒன்றைப் பார்த்து, விலையும் கேட்டோம். வரித்தலை வாத்துகள் இன்னும் சில நாளில் வடக்கே கிளம்பிவிடும், மீண்டும் வருவதற்குக் குளிர்காலம் ஆகும், அதுவரை இரவல் தொலைநோக்கியே போதும் என்று அவர் சொன்னார். வரும் வழியில் வடாத்துக்கு ஜவ்வரிசி மட்டும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டோம்.