நாற்சில்லு வண்டியின் நடுப்பூட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. சுண்ணக்கற்பாறையின்மேற் பரந்து கிடக்கும் சமநிலம் இது. ஆதலின், கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்பெற்ற நாற்சில்லு வண்டிகளுக்கு இங்கு என்ன வேலை என ஒருவர் வினவலாம். வடமராட்சியின் கீழ்க்கரையை ஒரு முறை கண்டவர் அவ்வாறு வினவார். வல்லிபுரத்திலும் மணற்காட்டிலும் மணல் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கின்றது. புரட்டாதித் திருவிழாவின் கடற்றீர்த்தத்துக்குச் செல்லும் அடியாரின் கால் புதையும் அம்மணலிலே வண்டியின் சில்லும் புதையும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைமழை பொழியுங்கால், நீரேரியோரத்து உவர்நிலமும் சேறாகிவிடும். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கியதும் இக்கரையையே. இடர் வந்த நாளில் நோயாளரை ஏற்றிய வண்டி மணலில் நின்றுவிடுமாயின், இழப்பு வண்டிக்குரியவருடையது மட்டுமன்று.

இங்கு ஓடும் இவ்வகை வண்டிகளுட் பல பழையன. 2020 மார்ச்சு மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. எனவே, உள்ளதைப் பேணுதலே பலர்க்கும் உரிய வழியாயிற்று. 1990களின் தடைக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய நாட்டுக்கு இப்பேணுதல் புதிய கலையன்று. எனினும், பழைய நாற்சில்லு வண்டியில் அடிக்கடி மறக்கப்படும் உறுப்பொன்று உண்டு. அதுவே நடு டிபரன்ஷலின் பூட்டு.

எல்லா நாற்சில்லு வண்டிக்கும் இவ்வுறுப்பு இல்லை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1948இல் வெளிவந்த லாண்ட் றோவர் வரிசையின் பழைய ஜீப்புகளில் நடு டிபரன்ஷல் இல்லை. 1950களின் தொடக்கம் முதல் அவற்றில் முன்சில்லுகளை வேண்டும்போது நெம்புகோலாற் சேர்த்து, வேண்டாதபோது விலக்கினர். 1970இல் வந்த றேஞ்ச் றோவரில் நான்கு சில்லுகளும் எப்பொழுதும் இயந்திரத்தால் இயக்கப்பட்டன. இம்முறை 1983இன் வண் ரென்னுக்கும் 1984இன் நைன்ரிக்கும் வந்தது. 1990 முதல் டிபெண்டர் என்னும் பெயர்பெற்ற அவ்வண்டிகளின் ஆக்கம் 2016 சனவரியில் முடிவுற்றது. இத்தகைய வண்டிகளிலேதான் நடு டிபரன்ஷலும் அதன் பூட்டும் உண்டு.

டிபரன்ஷல் ஏன் வேண்டும்? வண்டி திரும்புங்கால் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடப் பெரிய வட்டத்திற் செல்லும். 110 அங்குல அச்சிடைத் தூரமுள்ள, அஃதாவது 2.79 மீற்றர் நீளமுள்ள, வண்டியொன்றின் பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீற்றர் ஆரையுள்ள வட்டத்திற் செல்வதாகக் கொள்வோம். பைதகரசின் தேற்றப்படி, முன்னச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரை 5.73 மீற்றர் ஆகும். வண்டி கால்வட்டம் திரும்பி முடிக்கையிற் பின்பகுதி 7.85 மீற்றரும் முன்பகுதி 9 மீற்றரும் சென்றிருக்கும். வேற்றுமை 1.15 மீற்றர். சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.5 மீற்றர் ஆதலின், முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் அரைச் சுற்றளவு மிகுதியாகச் சுழல வேண்டும். அச்சிலுள்ள பற்சில்லுகளின் விகிதம் 3.54 ஆயின், முன் சுழல்தண்டு பின் சுழல்தண்டைவிட ஒன்றரைச் சுற்றுக்கு மேலாகச் சுழன்றாக வேண்டும். ஒரு சந்தியில் ஒரு முறை திரும்புவதற்கே இவ்வளவு! இவ்வேற்றுமைக்கு இடங்கொடுப்பதே இரு தண்டுகளுக்கும் நடுவே அமைந்த டிபரன்ஷலின் தொழில்.

ஆனால் அதன் நற்குணமே சில இடங்களிற் குற்றமாகும். டிபரன்ஷல் சுழற்சியை வேறுபட விடும். முறுக்குவிசையையோ இரு பக்கமும் சமமாகவே பகிரும். முன்சில்லுகளுள் ஒன்று பொருமணலிற் பிடியிழந்து சுழலத் தொடங்கினால், அதனைச் சுழற்றச் சிறு விசையே போதும். அச்சிறு விசைக்குச் சமமான விசையே பின்னச்சுக்கும் கிட்டும். மூன்று சில்லுகள் உறுதியான நிலத்தில் நின்றாலும், வலியற்ற ஒன்றே முழு வண்டியையும் நிறுத்திவிடும். பூட்டை இட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாய்ச் சுழலும். பிடியுள்ள அச்சு வண்டியை முன்செலுத்தும்.

இவ்வாறாயின், பூட்டை எப்பொழுதும் இட்டே வைக்கலாகாதோ எனின், ஆகாது. மேற்கூறிய ஒன்றரைச் சுற்று வேற்றுமை தார்த்தெருவிற் போக்கிடமின்றித் தண்டுகளையும் பற்சில்லுகளையும் முறுக்கும். மணலிற் சில்லு சற்றே வழுக்கி அம்முறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் அதற்கு வழியில்லை. ரயர் தேய்தலும், வண்டி திரும்ப மறுத்தலும், ஈற்றிற் பற்சில்லு உடைதலும் இதன் விளைவுகள். ஆதலின், பூட்டு தளர்ந்த நிலத்துக்கே உரியது.

இனி, பூட்டு தொழிற்படுகின்றதா எனச் சோதிக்கும் முறையைக் காண்போம். பூட்டை இட்டதும் ஓட்டுநரின் முன்னுள்ள விளக்கு எரியும். ஆயின் விளக்கு ஓர் ஆளியின் செய்தியை மட்டுமே கூறும். குமிழ் பழுதாயிருக்கலாம், ஆளியும் பிழையாயிருக்கலாம். ஐயமறச் சோதிக்க விரும்புவோர் வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிறேக்கை இட்டு, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைத்தல் வேண்டும். பின்னர் முன்சில்லுகளுள் ஒன்றை ஜக்கினால் உயர்த்தி, கியரை நடுநிலையில் விடுக. பூட்டு விலகியிருக்கும்போது உயர்ந்த சில்லு கையாற் சுழலும். நெம்புகோலைப் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டை இட்டபின், சிறு தளர்ச்சிக்கு மேல் அது சுழலலாகாது. உள்ளேயுள்ள பற்கள் நேர்ப்படாமையாற் பூட்டு உடனே விழாதுவிடின், சில்லைச் சிறிது அசைத்துக் கொடுத்தல் போதும். மீண்டும் பூட்டை விலக்கியதும் சில்லு முன்போலச் சுழல வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தாலே சோதனை நிறைவுறும். இட்டபின் விலகாத பூட்டு, விழாத பூட்டிலும் தீயது.

இங்கே உயிர்காக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இவ்வண்டிகளின் கைப்பிறேக் சில்லுகளைப் பற்றுவதன்று. பின் சுழல்தண்டைப் பற்றுவது. பின்சில்லுகளுள் ஒன்றை உயர்த்திவிட்டால், தண்டு நின்றவாறே, உயர்ந்த சில்லு ஒரு பக்கமும் தரையிலுள்ள சில்லு மறுபக்கமும் சுழல இயலும். அப்பொழுது கைப்பிறேக் இட்ட வண்டியும் ஜக்கினின்று உருண்டு வீழும். ரயர் மாற்றுகையில் அடைகட்டை வைப்பதோடு பூட்டையும் இடுதல் இதனாலேயே நன்று. பின் தண்டோடு முன் தண்டும் பிணைக்கப்பட்டு முன்சில்லுகளும் வண்டியைத் தாங்கும்.

சோதனையிற் பூட்டு விழாதாயின், பெரும்பாலும் குற்றம் உள்ளே இராது. பல திங்களாகத் தொடப்படாத நெம்புகோலின் மூட்டுகள் துருவும் சேறும் பற்றி இறுகியிருக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது விரைவில் நிகழும். துப்புரவாக்கி எண்ணெயிட்டு, திங்களுக்கொருமுறையேனும் மணற்றரையிற் பூட்டை இட்டுச் சிறிது தூரம் ஓட்டி விலக்கி வருதல் வேண்டும்.

பயன்படுத்துங்காற் காலமறிதல் முதன்மையானது. மணலுக்குள் இறங்குமுன் வண்டியை நிறுத்தியோ, மெல்ல நேராகச் செலுத்தியோ பூட்டை இடுக. சில்லொன்று வீணாய்ச் சுழன்றுகொண்டிருக்கையில் இடுதல் பற்களை முறிக்கும். தார்த்தெருவை அடைந்ததும் விலக்குக. விளக்கு அணையாதாயின், முறுக்கம் எஞ்சியுள்ளது என்பது பொருள். சில மீற்றர் நேரே பின்னோக்கிச் செலுத்தினால் அது தீரும். நெம்புகோலை வலிந்து இழுத்தல் தகாது.

பூட்டுக்கும் எல்லையுண்டு. அது முன்னச்சையும் பின்னச்சையுமே பிணைக்கும். ஓரச்சின் இடச்சில்லையும் வலச்சில்லையும் பிணையாது. முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு சில்லுகள் பிடியிழந்தால் வண்டி நிற்கவே செய்யும். அப்பொழுது ரயரின் காற்றைக் குறைத்தலும், மணலை அகழ்தலும், சில்லின் கீழ்ப் பனைமட்டை இடுதலுமே துணை. விசையை மிகுத்தல் வண்டியை மேலும் புதைக்கும்.

சமமாகப் பகிரும் அமைப்பு நல்வழியிற் போதும். அல்வழியில் வலியாரும் மெலியாரும் ஒன்றாய்ப் பிணைக்கப்படல் வேண்டும். நல்வழி வந்ததும் பிணைப்பு நெகிழ்தல் வேண்டும். இதனையறிந்து கோடையிலேயே பூட்டைச் சோதித்து வைப்பவரின் வண்டி, மாரியில் அழைப்பு வரும் இரவில் மணலைக் கடக்கும்.