தபாலில் வந்த 'எய்ட்ஸ்' பிளாப்பி! கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்ட டாக்டர்

மூக்கில் ஆணுறை, தாடியில் சுருள் கிளிப்: கோர்ட்டில் பரபரப்பு

எய்ட்ஸ் நோய் பற்றிய விவரம் அடங்கியது என்று சொல்லி சுமார் 20 ஆயிரம் பேருக்குத் தபாலில் பிளாப்பி அனுப்பினார் ஒரு பலே ஆசாமி. அதைக் கம்ப்யூட்டரில் போட்டவர்களின் பைல்கள் எல்லாம் ஒருநாள் திடீரென்று மாயமாகிவிட்டன. "பணம் கட்டு" என்று திரையில் மிரட்டல் வந்தது.

1989-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் தொடங்கிய சம்பவம் இது. கம்ப்யூட்டரைப் பிணைக்கைதியாகப் பிடித்துப் பணம் கேட்ட குற்றங்களில் உலகிலேயே இதுதான் முதலாவது என்கிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம். இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் ஆபீசுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கவர் வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு பிளாப்பி. "எய்ட்ஸ் தகவல் அறிமுகத் தட்டு" என்று மேலே லேபிள். அனுப்பியது "பி.சி. சைபார்க் கார்ப்பரேஷன்" என்ற கம்பெனி.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றின் சந்தாதாரர் விலாசங்களை விலைக்கு வாங்கி இந்தக் கவரை அனுப்பியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்திருந்த டாக்டர்களுக்கும் போயிற்று. எய்ட்சைக் குணமாக்க மருந்து இல்லை என்று உலகமே நடுங்கிய காலம் அது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? போட்டுப் பார்த்தார்கள்.

உண்மையிலேயே நல்ல புரோகிராம்தான் ஓடியது. வரிசையாகக் கேள்வி கேட்டது. பதில்களை வைத்து, உங்களுக்கு எய்ட்ஸ் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொன்னது. சந்தேகப்பட எதுவுமே இல்லை. கம்ப்யூட்டர்காரர்கள் இந்த ரகத்துக்கு 'டிரோஜன்' என்று பெயர் வைத்திருப்பதே இதனால்தான். கிரேக்கக் கதையில் மரக்குதிரையின் வயிற்றுக்குள் வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். எதிரிகளே அந்தக் குதிரையைக் கோட்டைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

90-வது முறை

கேள்வி கேட்கிற புரோகிராம் வெறும் கண்துடைப்பு. அதைப் பதிவு செய்யும்போதே இன்னொரு புரோகிராம் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்து என்ன செய்தது? எண்ணிக்கொண்டிருந்தது. மெஷினை ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் ஒன்று, இரண்டு, மூன்று...

ஏறக்குறைய 90-வது தடவை வேலையைக் காட்டியது. டிஸ்க்கில் இருந்த பைல்களின் பெயர்களை எல்லாம் கன்னாபின்னாவென்று மாற்றி, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. குத்தகைப் பணம் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு. 365 தடவை உபயோகிக்க 189 டாலர். டிஸ்க்கின் ஆயுள் முழுவதுக்கும் என்றால் 378 டாலர். பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு டிராப்ட் எடுத்து அனுப்ப வேண்டுமாம்!

ஆசாமி முன்னெச்சரிக்கையானவர். கவருக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. பணம் கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடாது, ஆயுள் முழுக்க மனசாட்சியும் உறுத்தும் என்று அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார். படித்தவர்கள் எத்தனை பேரோ!

பத்து வருஷ உழைப்பு அம்போ

விஷயம் பரவியதும் பல இடங்களில் பீதி. 'ஐயோ, எல்லாம் போச்சே' என்று சிலர் டிஸ்க்கையே துடைத்து அழித்துவிட்டார்கள். இத்தாலியில் எய்ட்ஸ் தொடர்பான ஒரு நிறுவனம் இப்படி 10 ஆண்டு வேலையைப் பறிகொடுத்தது என்று அப்போது செய்தி வந்தது.

வேதனை என்னவென்றால், அழித்திருக்கவே வேண்டாம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜிம் பேட்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் அந்தப் பிளாப்பியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். அப்போதுதான் குட்டு உடைந்தது. பைல்களின் பெயர்தான் மாறியிருந்ததே தவிர, உள்ளே இருந்த சரக்கு அப்படியே இருந்தது. ஒரு எழுத்துக்குப் பதில் இன்னொரு எழுத்து என்ற சாதாரண அட்டவணைதான் பூட்டு. அந்த அட்டவணை தெரிந்துவிட்டால் எல்லாப் பெயரையும் திருப்பிவிடலாம். 1990 தொடக்கத்தில் அவர் 2 புரோகிராம்கள் எழுதிக் கொடுத்தார். வெடிப்பதற்கு முன்பே டிரோஜனை வெளியேற்ற ஒன்று. வெடித்த பிறகு பைல்களை மீட்க இன்னொன்று.

திருடன் எங்கே ஒளிந்திருந்தான்?

இதுதான் வேடிக்கை. அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில், ஸ்விட்ச் போட்டதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்த ஒரு பைல் உண்டு. பெயர் 'ஆட்டோஎக்ஸெக்'. அதில் 'ரெம்' என்று தொடங்கும் வரி வெறும் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

டிரோஜன் நுழைந்த மெஷினிலும் அப்படி ஒரு வரி இருந்தது. 'வசதிக்காக வேறு பைலை உபயோகிக்கவும்' என்று சாதுவாகச் சொல்லியது. ஆனால் 'ரெம்' என்பதற்கு அடுத்து இருந்தது வெற்றிடம் அல்ல. 255-ம் எண்ணுள்ள எழுத்து! திரையில் வெற்றிடம் போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அது குறிப்பு இல்லை, புரோகிராமின் பெயர். ஒவ்வொரு நாளும் எல்லார் கண்ணெதிரிலும் அந்த வரிதான் திருடனை எழுப்பிவிட்டது.

அவன் குடியிருந்த அறைக்கும் கண்ணுக்குத் தெரியாத அதே எழுத்தில்தான் பெயர். சுத்தமான வேறு பிளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பி, அந்த வரியை எடுத்து, மறைந்திருந்த அறைகளைக் காலி செய்து, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய பைலை மறுபடி அதன் இடத்தில் வைத்தால் சுத்தம்.

இன்றும் முறை அதேதான், கருவிதான் வேறு. வைரஸ் தடுப்பு தானாகவே அணைந்து கிடக்கிறதா, கேட்காத பக்கங்கள் திறக்கின்றனவா, உஷாராக வேண்டும். முதலில் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். பாங்கி, இ-மெயில் பாஸ்வேர்டுகளை வேறு மெஷினில் இருந்து மாற்ற வேண்டும். மெஷினைக் கிளப்பியதும் தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியல் விண்டோசில் 'டாஸ்க் மேனேஜர்' பகுதியில் இருக்கிறது. பழைய 'ஆட்டோஎக்ஸெக்' செய்த வேலையைச் செய்பவற்றில் இதுவும் ஒன்று. முன்பின் தெரியாத பெயர் இருந்தால் அங்கே கண் வைக்கலாம். பிறகு 'டிபெண்டர் ஆப்லைன்' சோதனை. விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை நடப்பதால் திருடன் ஒளிய இடம் குறைவு. சுத்தமான பிளாப்பி போட்ட அதே தந்திரம்!

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்றைய பூட்டுக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றுவது இல்லை, பைலின் உள்ளடக்கத்தையே பூட்டிவிடுகிறார்கள். கைவைத்தியம் பலிக்காது. ஆனாலும் டிஸ்க்கை உடனே அழித்துவிடக்கூடாது. நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் தனியார் நிபுணர்களுடன் சேர்ந்து 2016-ல் 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பல வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசமாகவே சாவி தருகிறார்கள். பாங்கிப் பணம் பறிபோயிருந்தால் நம் ஊரில் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

சிக்கியது எப்படி?

பிளாப்பி ஆசாமியைத் தேடி ஸ்காட்லாந்து யார்டு போலீசார் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர் தானாகவே வந்து மாட்டினார்.

1989 கிறிஸ்துமஸ் சமயம். ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் விமான நிலையத்தில் ஒருவர் விசித்திரமாக நடந்துகொண்டார். வேறு ஒரு பயணியின் பெட்டி மீது, டாக்டர் பாப்புக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று எழுதினார். அதிகாரிகள் அவருடைய பையைச் சோதனை போட்டார்கள். உள்ளே 'பி.சி. சைபார்க்' கம்பெனியின் முத்திரை!

அவர்தான் டாக்டர் ஜோசப் பாப். அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆப்பிரிக்காவில் குரங்குகளை ஆராய்ந்தவர். 1990 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எப்.பி.ஐ. போலீசார் அவரைக் கைது செய்தார்கள். பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். கம்ப்யூட்டர் குற்றத்துக்கு என்று அங்கே தனிச் சட்டமே 1990-ல்தான் வந்தது. அதனால் மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாக வழக்குப் போட்டார்கள். பணத்தை எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குக் கொடுக்கத்தான் நினைத்தேன் என்பது அவருடைய வாதம்.

விசாரணைக் காலத்தில் டாக்டரின் போக்கே மாறிப்போனது. மூக்கில் ஆணுறை மாட்டிக்கொண்டார். கதிர்வீச்சு தாக்காமல் இருக்க என்று தாடியில் முடிச் சுருள் கிளிப்புகளைச் செருகிக்கொண்டார். தலையில் அட்டைப் பெட்டி. நிஜமா நடிப்பா என்று பட்டிமன்றமே நடந்தது. விசாரணையைச் சந்திக்கும் மனநிலையில் அவர் இல்லை என்று 1991 நவம்பரில் நீதிபதி முடிவு செய்தார். டாக்டர் விடுவிக்கப்பட்டு அமெரிக்கா திரும்பினார்.

பின்னாளில் நியூயார்க் மாநிலம் ஒனியோன்டா நகரில் அவர் பெயரில் ஒரு பட்டாம்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது.