ஆரஞ்சுத் துடுப்பும் நீலத் துடுப்பும்

1946இல் மைசூர்க்காரர் டிவெட் வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. கபினி காவிரியின் துணையாறு. கெண்டை வகையைச் சேர்ந்த இந்தத் திமில் மஹசீருக்குத் தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பி நிற்கும், துடுப்புகள் ஆரஞ்சு நிறம். பாறை இடுக்குகளில் சுழித்தோடும் தெளிந்த நீர்தான் அதற்கு வீடு. 1870களிலேயே வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் இதைத் தேடிக் காவிரிக்கு வந்தார்கள்.

1934இல் காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை எழுந்தது. பிறகு வெடிவைத்து மீன் பிடித்தார்கள், மணலையும் அள்ளினார்கள். மீன் குறைகிறதே என்ற அக்கறையில் நடந்த ஒன்றுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 1970களில் லோனாவ்லாவில் டாட்டா மின்நிறுவனத்தின் பண்ணை மஹசீர் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. அந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் வந்தன. ஆனால் அவை நீலத் துடுப்பு மஹசீர். வேறு இனம்.

1998 முதல் 2012 வரை காவிரியில் பிடித்து எடை பார்த்துத் திரும்ப விட்டவர்களின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் புரட்டினார்கள். மொத்த மஹசீர் எண்ணிக்கை கூடியிருந்தது. பார்க்கிறவருக்கு ஆறு தேறிவிட்டது என்றே தோன்றும். ஆனால் கூடியதெல்லாம் நீலத் துடுப்பு. திமில் மஹசீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது, கிடைத்தவையோ முன்னைவிடப் பெரிதாக இருந்தன. பெரிதாகக் கிடைத்ததில் மகிழ ஒன்றுமில்லை. கிழடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, குஞ்சுகள் தலையெடுக்கவில்லை என்றே அதற்குப் பொருள்.

இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட 2018 வரை இல்லை. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி'யும் இதுவும் ஒன்றே என்று அந்த ஆண்டு நிறுவினார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய கே. ரெமாதேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. பெயர் உறுதியான கையோடு, அதே 2018இல், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடும் மோயாறு இன்று அதன் முக்கியப் புகலிடம்.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. இந்த மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் காவிரிக்குப் போவதில்லை, வெள்ளாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகின்றன. ஆகவே திமில் மஹசீரை நம் ஓடையில் கொண்டுவந்து விடுவதும் காவிரியில் நடந்த அதே தவறுதான். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் மேலே உள்ள மடுக்களில் என்னென்ன மீன் இருக்கிறது என்பதை, எந்தக் குஞ்சை விடுவதற்கும் முன்னால், இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டு, வலை போட்டுப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்த மீன் எந்த மடுவில் ஏறும் என்று அறிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.